எங்கள் வீட்டு கவர்னஸ்

மொன்றியலின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் இருந்த அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனபோது எனக்கு இருபத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஐந்து வருடம் ஆங்கிலம் படிப்பித்திருந்தேன். பிறகு கொழும்பில் பிள்ளை பராமரிப்பில் ஆறு மாதப் பயிற்சி எடுத்து, ஒரு முகவர் மூலம் விண்ணப்பித்து, இரண்டாயிரங்களின் நடுவில் ஓர் ஆடி மாதம் கனடாவில் மொன்றியலுக்கு வந்து இறங்கினேன். அப்போதைய சட்டம் இதுதான்: வேலை தருகிறவர்களின் வீட்டிலேயே தங்கி, மூன்று வருடத்துக்குள் இருபத்துநான்கு மாதம் வேலை செய்து முடித்தால் நிரந்தரமாக இருப்பதற்கு விண்ணப்பிக்கலாம். வேலை அனுமதிக் கடதாசியில் அந்த வீட்டுக்காரரின் பெயர் அச்சடிக்கப்பட்டிருக்கும். வேறு எந்த வீட்டிலும் ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது.

அந்த வீட்டில் மூன்று பேர். வீட்டுக்காரப் பெண்மணி மருந்துக்கடை நடத்தினார். அவரும் யாழ்ப்பாணம்தான், எண்பதுகளில் வந்தவர். என்னை அக்கா என்று கூப்பிடச் சொன்னார். அவருடைய கணவருக்கு டோர்வலில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் இடத்தில் மேற்பார்வை வேலை. விடிய முன்னமே போய்விடுவார். அவர்களுக்கு ஒரே மகள், நான் போனபோது பத்து வயது. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான்.

அக்கா கெட்டவர் இல்லை. ஒரு நாளும் என்னை நீ என்று சொன்னதில்லை. நீங்கள் என்றும் சொன்னதில்லை. இரண்டுக்கும் நடுவில் நீர் என்பார். "நீர் சாப்பிட்டீரோ?" என்று கேட்பார். அவர்கள் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் நான் சாப்பிடுவேன் என்பதும் அவருக்குத் தெரியும். அப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் நாள் மேசையில் மூன்று சாப்பாட்டுக் கோப்பைதான் வைத்திருந்தது, நான் குசினியில் அடுப்புப் பக்கமே நின்றுவிட்டேன். அது அப்படியே பழகிவிட்டது.

என் அறை கீழே, பேஸ்மென்ட்டில். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம். அது திடீரென்று உறுமிக்கொண்டு தொடங்கும்போதெல்லாம் நான் படுக்கையில் எழும்பி இருந்துவிடுவேன். யன்னல் புல் மட்டத்தில் இருந்தது. தை மாதத்தில் பனி அதை முழுதாக மூடிவிடும். வந்த முதல் கிழமையே அக்கா என் பாஸ்போர்ட்டை வாங்கிவைத்துக்கொண்டார். "துலைஞ்சு போனா பெரிய கரைச்சல், என்னட்டைப் பத்திரமாக் கிடக்கட்டும்" என்றார். நான் நன்றி சொல்லிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு நாள். அன்றைக்கு அவருடைய மருந்துக்கடையின் நிலத்தைக் கழுவித் துடைக்கக் கூப்பிட்டார். அதற்கும் போனேன். கடையில் வேலை செய்ய எனக்கு அனுமதியில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாராவது நின்றால் நான் மொப்பை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்விடுவேன்.

பயம் என்று தனியாக ஒன்று அப்போது எனக்கு இருக்கவில்லை. எதைச் செய்தாலும் அது கூடவே இருந்தது. கராஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் ஏதாவது பிழை விட்டுவிட்டேனோ என்று யோசிப்பேன். ஊரில் சண்டை திரும்பவும் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதையையும் பூட்டிவிட்டார்கள். இங்கிருந்து அனுப்பினால் நான் வீடு போய்ச் சேர வழியில்லை.

பிள்ளை பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஆங்கிலம் கெட்டுப்போகும் என்று அக்காவுக்குக் கவலை. அதனால் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பால் குடித்த பிறகு ஒரு மணித்தியாலம் என்னோடு இருந்து ஆங்கில நாவல் வாசிக்க வேண்டும். புத்தகத்தை அக்காவே தெரிந்தெடுத்துத் தந்தார். விக்டோரியா மகாராணி காலத்தில், ஒரு பெரிய வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் கவர்னஸாகப் போகிற ஏழைப் பெண்ணின் கதை. அக்கா பள்ளிக்கூடத்தில் படித்த புத்தகம். நானும் அதன் சுருக்கப் பதிப்பைப் பதினோராம் வகுப்புக்குப் படிப்பித்திருக்கிறேன். தைரியமான ஒரு பெண்ணின் கதை என்றுதான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

ரொக்ஸ்பரோவில் அதே கதையை வாசித்தபோது, அந்தப் பெண் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்பது எனக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. பக்கத்துக்குப் பக்கம் பயந்திருந்தாள். வேலைக்காரர்களோடு இருந்து சாப்பிடவும் முடியாது, வீட்டுக்காரரோடு இருந்து சாப்பிடவும் முடியாது. விருந்தாளிகள் வந்தால் அறையின் ஒரு மூலையில் தைத்துக்கொண்டிருக்க வேண்டும். சில இடங்களில் என் குரல் இறங்கிவிடும். பிள்ளை நிமிர்ந்து பார்ப்பாள்.

ஒருநாள் அவள் கேட்டாள். "ரீச்சர், நீங்கள் எங்கட கவர்னஸ்தானே?"

"இல்லை."

"அப்ப நீங்கள் ஆர்?"

வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அக்கா என்னை "எங்கட சொந்தக்காரப் பிள்ளை" என்று சொல்லுவார். அதைப் பிள்ளையும் கேட்டிருக்கிறாள். "அடுத்த பக்கத்தை வாசியும்" என்று சொல்லிவிட்டேன்.

பத்தொன்பதாவது மாதத்தில் அது நடந்தது. காலை பத்தரை இருக்கும். நான் பிள்ளையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. வீட்டுத் தொலைபேசியை நான் எடுப்பதில்லை, குரலைப் பதிகிற பெட்டி எடுத்துக்கொள்ளும். ஒரு பெண் பிரெஞ்சில் பேசினாள். பள்ளிக்கூடம் என்ற சொல்லும் பிள்ளையின் பெயரும் எனக்கு விளங்கின. பனியில் விழுந்துவிட்டாளோ என்று ஓடிப்போய் எடுத்துவிட்டேன்.

"பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் நீங்களா?" என்று அவள் ஆங்கிலத்துக்கு மாறினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பிரச்சினைகளைக் கவனிப்பவள் என்று தன்னை அறிமுகப்படுத்தினாள்.

ஓம் என்றேன்.

"பயப்படாதீர்கள், பிள்ளை நலமாக இருக்கிறாள். ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். அதைப் பற்றிப் பெற்றோரோடு பேச வேண்டும். நாளைக்கு மூன்று மணிக்கு நீங்களும் வர முடியுமா?"

வருகிறேன் என்றேன். தொலைபேசியை வைத்த பிறகு மாடிப்படியிலேயே இருந்துவிட்டேன். அக்காவின் கடைக்கு எடுத்துச் சொல்ல மூன்று தடவை இலக்கத்தை அமத்தினேன். இரண்டு தடவை பிழையாக அமத்திவிட்டேன்.

அக்கா அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார். சப்பாத்தையும் கழற்றாமல் பிள்ளையின் அறைக்குப் போய் மேசை லாச்சியை இழுத்தார். கட்டுரையின் முதல் பிரதி, பென்சிலால் எழுதினது, அதற்குள் கிடந்தது. ஒரு புத்தகத்தை வாசித்து, அதை உங்கள் வாழ்க்கையோடு ஒப்பிட்டு எழுதுங்கள் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு, எங்கள் வீட்டு கவர்னஸ். அக்கா கட்டிலில் இருந்துகொண்டு பிரெஞ்சைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னார். எனக்கும் கேட்கும்படி ஏன் சொன்னார் என்று இன்றைக்கும் தெரியாது.

"எங்கட வீட்டிலையும் ஒரு கவர்னஸ் இருக்கிறா. அவ கீழை, ஹீட்டருக்குப் பக்கத்திலை படுக்கிறா. நாங்கள் சாப்பிட்டு முடிஞ்ச பிறகு சாப்பிடுறா. ஞாயிற்றுக்கிழமையிலை அம்மாவின்ரை பார்மசியைக் கழுவுறா. ஆக்கள் வந்தா அம்மா அவவைச் சொந்தக்காரர் எண்டு சொல்லுவா. அவவின்ரை பாஸ்போர்ட் அம்மாவின்ரை ஃபைலுக்குள்ளை கிடக்கு. நான் ஒருநாள் எடுத்துப் பாத்தனான். கதையிலை வாறவ பேந்து அந்த வீட்டை விட்டிட்டுப் போறா. எங்கட கவர்னஸ் போகமாட்டா, ஏனெண்டா அவவுக்குப் பயம்."

அக்கா கடதாசியை மடியில் வைத்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. அவர் என்மேல் கோபப்படப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் என் கையைப் பிடித்தார். அவருடைய விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

"பிள்ளையை அரசாங்கத்தாக்கள் பறிச்சுக்கொண்டு போயிடுவினம்" என்றார். "உமக்குத் தெரியாது. இஞ்சை அப்பிடித்தான். பள்ளிக்கூடத்திலை ஒரு கதை தொடங்கினா அது எங்கை போய் நிக்கும் எண்டு தெரியாது. நீர் வந்து சொல்லவேணும். எல்லாம் அவள் அந்தப் புத்தகத்தை வாசிச்சிட்டு இட்டுக்கட்டினது எண்டு சொல்லும்."

பின்னேரம் அவருடைய கணவர் வந்தார். என்னோடு அதிகம் கதைக்காத மனிதர். குசினி வாசலில் நின்று, தணிந்த குரலில் சொன்னார். "பயப்பிடாதையும் பிள்ளை. நான் வெருட்டேல்லை, உள்ளதைத்தான் சொல்லுறன். எங்களிலை ஒரு பிழை கண்டவை எண்டா, உம்மட பேப்பரும் அதோடை நிண்டிடும். இன்னும் அஞ்சு மாசம்தானே?"

அவர் வெருட்டவில்லை என்பது உண்மை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

அடுத்த நாள் மூன்று மணிக்கு மூன்று பேரும் போனோம். பள்ளிக்கூடத்து நடையில் ஈரச் சப்பாத்துகளின் மணம். சுவர் நீளத்துக்குச் சின்னச் சின்னக் கோட்டுகள் தொங்கின. அந்தப் பெண்ணுக்கு அறுபது வயதுக்குக் கிட்ட இருக்கும், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். முதலில் என்னோடு தனியாகப் பேச வேண்டும் என்றாள். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பெண் கதவைச் சாத்தினாள்.

அவளுடைய மேசையில் பிள்ளையின் கட்டுரை இருந்தது, நல்ல எழுத்தில், மையால் எழுதினது.

"இதில் இருப்பது உண்மையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் இரவு முழுக்கப் பாடமாக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். அவள் நிறைய வாசிக்கிற பிள்ளை, நாங்கள் இருவரும் ஒரு பழைய நாவல் வாசிக்கிறோம், அதில் வருகிறதை எல்லாம் எங்கள் வீட்டில் நடக்கிற மாதிரி கற்பனை செய்திருக்கிறாள். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. பாடசாலையில் படிப்பித்த காலத்துக் குரல்.

"உங்கள் பாஸ்போர்ட் உங்களிடம் இருக்கிறதா?"

"என்னிடம்தான் இருக்கிறது."

நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இப்போது காட்டுங்கள் என்று கேட்டுவிடுவாளோ என்று அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. ஒரு சின்னக் கடதாசியில் ஒரு தொலைபேசி இலக்கத்தை எழுதி என் பக்கம் தள்ளினாள். "வீடுகளில் வேலை செய்கிற பெண்களுக்கு உதவி செய்கிறவர்கள். தேவை இல்லாவிட்டால் எறிந்துவிடுங்கள்."

கைப்பைக்குள் வைத்தால் அக்கா கண்டுவிடலாம். நான் குனிந்து, சப்பாத்து நாடாவைச் சரிசெய்கிற மாதிரி, அதைச் சப்பாத்துக்குள் செருகினேன். அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு பெற்றோரை உள்ளே கூப்பிட்டார்கள். பிள்ளையையும் வகுப்பிலிருந்து கூட்டிவந்தார்கள். அக்கா அவளிடம் தமிழில் சொன்னார்: "ரீச்சரே சொல்லிப்போட்டா, நீ எழுதினது எல்லாம் பொய்யெண்டு."

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அவளைப் பார்க்காமல் இருந்திருக்கக் கூடாது, ஆனால் பார்க்க எனக்கு ஏலவில்லை. அவள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி பிரெஞ்சில் ஒரு வசனம் சொன்னாள். பத்தொன்பது மாதத்தில் அவ்வளவு பிரெஞ்சு எனக்குப் பழகியிருந்தது. "சரி, நான்தான் இட்டுக்கட்டினேன்" என்றாள்.

வீட்டுக்கு வரும்போது காரில், குதிக்காலுக்குக் கீழே அந்தக் கடதாசி சரசரத்தது. மற்றவர்களுக்கும் கேட்கிறதோ என்று காலை அசைக்காமல் வைத்திருந்தேன்.

பொய் எழுதியதற்காகப் பிள்ளை வேறு புத்தகத்தைப் பற்றித் திரும்ப எழுத வேண்டி வந்தது. முதல் கட்டுரைக்குப் பூச்சியம். என்னோடு வாசிப்பது நின்றது. பாலைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, தன் அறைக்குப் போய்விடுவாள். அவள் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னோடு மரியாதையாக நடந்தாள். "மெர்சி, ரீச்சர்" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினாள். நான்கு நாள் அப்படிப் போனது.

ஐந்தாம் நாள் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, பால் வாங்கப் போகிற மாதிரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பொதுத் தொலைபேசிக்குப் போனேன். காற்று முகத்தை வெட்டியது. கையுறையைக் கழற்றினால்தான் பொத்தானை அமத்தலாம், கழற்றினால் விரல் விறைத்தது. மேடையில் ஒரு மனிதர் ரயிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். அக்காவின் கணவருக்குத் தெரிந்தவராக இருக்குமோ என்று அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் எடுத்த பெண் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். முதலில் என் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்றாள். நான் ஏற்கெனவே வேலை செய்த மாதங்கள் அழியாது, வீடு மாறினாலும் அவை கணக்கில் நிற்கும் என்றாள். ஆனால் புது அனுமதி வரும்வரை வேலை செய்யக் கூடாது, அதற்கு மாதங்கள் எடுக்கலாம் என்றாள். "பாஸ்போர்ட் உங்களுடையது. வேறு யாரும் வைத்திருக்க முடியாது. கேளுங்கள்."

கேளுங்கள் என்று சொல்வது சுலபம். இரண்டு நாள் கேட்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலை அக்கா பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டிக்குத் தக்காளி வெட்டிக்கொண்டிருந்தார். நான் குசினி வாசலில் நின்றேன்.

"அக்கா, என்ரை பாஸ்போர்ட்டை ஒருக்காத் தாறீங்களோ?"

கத்தி நின்றது. "என்னத்துக்கு?"

"என்னட்டை இருக்கட்டும்."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா கையைத் துடைத்துவிட்டு மேலே போனார். அவர் கணவருக்கோ வேறு யாருக்கோ போன் பண்ணப் போகிறார் என்று நினைத்தேன். நான் என் சூட்கேசை எங்கே வைத்தேன் என்றுகூட யோசித்துப் பார்த்தேன். அவர் இறங்கி வந்து அதை மேசையில் வைத்தார்.

"நீர் முதலே கேட்டிருந்தா நான் முதலே தந்திருப்பன்" என்றார். குரல் உடைந்திருந்தது. "நான் உம்மை என்ன செய்தனான்? நான் வந்த புதிதிலை ஒரு அறைக்குள்ளை ஆறு பேர் கிடந்தனாங்கள் தெரியுமோ? உம்மை நான் அப்பிடியா வச்சிருந்தனான்?"

அப்படி வைத்திருக்கவில்லைதான். நான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டேன். அவர் மீதித் தக்காளியை வெட்டி முடித்தார்.

அன்றைக்குப் பின்னேரம் பிள்ளையின் அறைக் கதவைத் தட்டினேன். கட்டிலில் காலை மடித்துக்கொண்டு இருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். "நீர் எழுதினது ஒண்டும் பொய்யில்லை. நான்தான் பொய் சொன்னனான்."

"தெரியும்" என்றாள். பிறகு, "அம்மா சொன்னவா, உண்மை எண்டா என்னைக் கொண்டு போயிடுவினமாம். உங்களையும் அனுப்பிடுவினமாம். அதாலைதான் நான் அப்பிடிச் சொன்னனான்" என்றாள்.

பதினொரு வயது. எங்கள் மூன்று பேருடைய பயத்தையும் அவள் தூக்கிக்கொண்டு வகுப்பிலிருந்து அந்த அறைக்குள் வந்திருக்கிறாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்து அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. மூக்குத் துடைக்கிற கடதாசிப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அந்த மாதக் கடைசியில் நான் அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டேன். உதவி செய்கிறவர்கள் வில்லரேயில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் எனக்கு ஓர் அறை பிடித்துத் தந்தார்கள். அதே பகுதியில் தனியாக இருந்த ஓர் இத்தாலியக் கிழவிக்கு ஆள் தேவைப்பட்டது. அவர் பெயரில் புது அனுமதிக்கு விண்ணப்பித்தோம். அதற்கு, முந்தைய வீட்டில் பத்தொன்பது மாதம் வேலை செய்தேன் என்று அக்கா கையெழுத்திட்ட கடிதம் வேண்டியிருந்தது. தபாலில் கேட்டு எழுதினேன். இரண்டு கிழமை வரவில்லை. தராவிட்டால் பத்தொன்பது மாதமும் இல்லையென்று ஆகிவிடும். கடைக்குக்கூடப் போகாமல் தபால்காரன் வரும் நேரத்தில் வாசல் கண்ணாடியோடு நின்றேன். மூன்றாம் கிழமை வந்தது. மாதங்கள் சரியாக இருந்தன. பிள்ளை என்னோடு சந்தோசமாக இருந்தாள் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்.

புது அனுமதி வர ஏறக்குறைய மூன்று மாதம் எடுத்தது. அந்த மூன்று மாதமும் கதவு தட்டினால் நான் அறையை விட்டு வெளியே வருவதில்லை. சட்டப்படிதான் இருந்தேன், ஆனாலும் உடம்பு அதை நம்பவில்லை.

அந்த நாட்களில் ஒரு கடிதம் எழுதினேன், பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு. அகராதி வைத்து, பிரெஞ்சில். பிள்ளை எழுதியது உண்மை, நான் பயந்து பொய் சொன்னேன், இப்போது என் பாஸ்போர்ட் என்னிடம் இருக்கிறது, பெற்றோர் பிள்ளையை அன்பாகத்தான் வைத்திருக்கிறார்கள், அவள் பொய்க்காரி இல்லை என்பது மட்டும் அவளுடைய ஆசிரியைக்குத் தெரிய வேண்டும். எழுதி, உறையில் போட்டு, மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். அனுமதி வரும்வரை தபாலில் போட எனக்குத் தைரியம் வரவில்லை. அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. அனுமதி வந்த அன்றைக்குத்தான் போட்டேன். போட்ட பிறகும் தபால் பெட்டியைத் திறந்து திரும்ப எடுக்க முடியுமா என்று ஒரு நிமிடம் அதன் முன்னால் நின்றேன்.

ஆனி மாதத்தில் பதில் வந்தது. நான் அப்போது கிழவியின் வீட்டில் வேலை தொடங்கியிருந்தேன். இரண்டே வரி. என் கடிதத்துக்கு நன்றி, வகுப்பு ஆசிரியை பிள்ளையைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார், அந்தக் கட்டுரைக்கு மதிப்பெண் திருத்தப்பட்டது.

நான் அதைக் குசினி மேசையில் வைத்து இரண்டு தடவை வாசித்தேன். கிழவி சூப்பைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு, கெட்ட செய்தியா என்று கேட்டார். நல்ல செய்தி என்றேன். அப்படியென்றால் ஏன் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்று கேட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.